கேட்டல் தேர்வில் 6-ஐத் தாண்ட முடியாமல் நிற்கும் மகளுக்கு

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

ஆங்கிலத் திறனை அளக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வின் மற்ற மூன்று பகுதிகளிலும் உங்கள் மகள் வேண்டிய மதிப்பெண்ணை எட்டிவிட்டார். கேட்டல் பகுதி மட்டும் 9-க்கு 6-ஐ விட்டு நகர மறுக்கிறது. தினமும் ஒரு மாதிரித் தேர்வு எழுத வைத்தும் பலனில்லை. வேறு பயிற்சி மையத்தில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். அதற்கு முன் அந்தத் தினசரி மாதிரித் தேர்வை நிறுத்துங்கள். மணிக்கொரு தரம் அளந்து பார்ப்பதால் காய்ச்சல் இறங்கிவிடாது. வாரத்துக்கு ஒரு மாதிரித் தேர்வு தாராளம்.

பயம் சற்றுக் குறைய ஒரு கணக்கு சொல்கிறேன். கேட்டல் பகுதியில் நான்கு பிரிவுகள், மொத்தம் 40 கேள்விகள், சுமார் 30 நிமிடம். ஏறக்குறைய 23 விடைகள் சரியாக இருந்தால் 6, 30 சரியாக இருந்தால் 7. தாளுக்குத் தாள் இது சிறிது மாறும். ஆக, உங்கள் மகளுக்கும் அவருக்கு வேண்டிய 7-க்கும் நடுவே நிற்பவை ஏழு கேள்விகள்தான். இதற்குப் போய் 'எனக்கு ஆங்கிலமே வராது' என்று அவர் அழுவதும், உங்கள் தூக்கம் கெடுவதும் அதிகம்.

அந்த ஏழும் எங்கே கைவிட்டுப் போகின்றன என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். கடைசியாக எழுதிய இரண்டு மூன்று மாதிரித் தேர்வுகளை எடுத்து, தவறான ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதச் சொல்லுங்கள். காதில் விழவில்லையா? விழுந்தும் எழுத்துப்பிழையா? பன்மைக்கான 'எஸ்' விட்டுப்போனதா? 'இரண்டு சொற்களுக்கு மிகாமல்' என்று கேட்ட இடத்தில் மூன்று எழுதினாரா? எழுத்துப்பிழைக்கும் சொல் எண்ணிக்கைக்கும் இந்தத் தேர்வில் இரக்கம் கிடையாது. விடை தெரிந்திருந்தும் மதிப்பெண் போய்விடும். பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்துமுறை இரண்டையும் ஏற்றுக்கொள்வார்கள், பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்றும் பார்ப்பதில்லை. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதும் இல்லை. எனவே எந்தக் கட்டத்தையும் காலியாக விடுவது அநியாயம். பெரும்பாலான மாணவர்களுக்கு இரண்டு மூன்று மதிப்பெண்கள் இந்தச் சில்லறைத் தவறுகளிலேயே போகின்றன. கவனம் வைத்தால் இவை சீக்கிரம் திரும்பி வரும்.

அடுத்தது, வேண்டுமென்றே வைக்கும் பொறி. முதல் பிரிவில் இரண்டு பேர் பேசுவார்கள். ஒருவர் எதையாவது முன்பதிவு செய்வார். எந்த நாள் என்று கேட்டால், 'ட்யூஸ்டே வரலாமென்று இருக்கிறேன்' என்பார். உங்கள் மகள் உடனே எழுதிவிடுவார். மறுமுனையில் இருப்பவர், அன்று அரங்கம் மூடியிருக்கும் என்பார். 'அப்படியானால் தர்ஸ்டே' என்று முடியும். விடை இரண்டாவதாக வந்ததுதான். முதலில் காதில் விழுந்ததைப் பென்சிலால் லேசாகக் குறித்துக்கொண்டு, பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போகும்வரை காத்திருக்கும் பொறுமை வேண்டும். 'ஆக்சுவலி', 'ஓ, வெயிட்', 'பட்' போன்றவை வந்தால் விடை மாறப்போகிறது என்று காது விழித்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிக மதிப்பெண்ணை விழுங்குவது வேறொன்று. ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். ஒரு விடை தவறியதும் மனம் அதையே பிடித்துக்கொண்டு நிற்கும். அதற்குள் அடுத்த இரண்டும் ஓடிவிடும். ஒன்றை விட்டதற்கு மூன்று அபராதம். நான்காவது பிரிவில் இது கொடுமை, ஏனென்றால் அது நடுவில் நிறுத்தமே இல்லாத ஒரு விரிவுரை. கேள்விகள் பேச்சின் வரிசையிலேயே வரும் என்பதால், எப்போதும் இரண்டு கேள்விகளின் மீது கண் இருக்கட்டும். இரண்டாவதுக்கான பெயரோ ஆண்டோ காதில் விழுந்துவிட்டால், முதலாவது போய்விட்டது என்று கை கழுவிவிட வேண்டும். இதைத் தனியாகவே பழகலாம்: பயிற்சியின்போது வேண்டுமென்றே ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

இனி, உண்மையிலேயே காதில் விழாதவை. அதிகாரபூர்வ பயிற்சிப் புத்தகங்களின் பின்பக்கத்தில் ஒலிப்பதிவின் எழுத்து வடிவம் இருக்கும். பலர் அதைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. என்னைக் கேட்டால் புத்தகத்தின் விலையே அந்தப் பக்கங்களுக்குத்தான். தவறவிட்ட இடத்தைச் சுற்றி ஒரு நிமிட ஒலியை மட்டும் எடுத்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, சொல்லுக்குச் சொல் எழுதச் சொல்லுங்கள். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு வித்தியாசங்களைச் சிவப்பில் வட்டமிடட்டும். 'ஃபர்ஸ்ட் ஆஃப் ஆல்' என்று அவர் அறிந்தது பேச்சில் 'ஃபர்ஸ்டவால்' என ஒரே மூச்சில் வந்திருக்கும். வினாத்தாளில் 'டிரான்ஸ்போர்ட்' என்று இருந்ததற்குப் பேசுபவர் பஸ், ரயில் என்று மட்டும் சொல்லியிருப்பார். வட்டமிட்ட வரிகளை, பேசுபவரின் வேகத்திலேயே வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். வாய்க்குப் பழகிய ஒலி காதுக்கும் பிடிபடும். நாளுக்கு அரைமணி நேரம் போதும், ஆனால் சலிப்பான வேலை. முணுமுணுப்பார், விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, அமெரிக்க உச்சரிப்புகள் கலந்து வரும் என்பதால் ஒரே நாட்டுச் செய்தியை மட்டும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பிபிசியின் '6 மினிட் இங்கிலீஷ்' நிகழ்ச்சி எழுத்து வடிவத்தோடு இலவசமாகக் கிடைக்கிறது, தொடங்க நல்ல இடம். வசன வரிகளோடு படம் பார்ப்பதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே கண்தான் படிக்கிறது, காது ஓய்வெடுக்கிறது.

உங்களுக்கும் ஒரு வேலை. ஆங்கிலம் சரளமாக வராது என்று எழுதியிருந்தீர்கள், பரவாயில்லை. தினமும் பத்து நிமிடம் தொலைபேசி எண்களையும் ஊர்ப் பெயர்களையும் எழுத்தெழுத்தாகச் சொல்லுங்கள், அவர் எழுதட்டும். 'டபுள் செவன்', பூஜ்யத்துக்கு 'ஓ', பதிமூன்றா முப்பதா, 'ஜி'யா 'ஜே'யா, 'ஏ'யா 'இ'யா: முதல் பிரிவில் தடுமாறுவதெல்லாம் இவற்றில்தான். 'இன்று எத்தனை மார்க்?' என்ற கேள்வியை மட்டும் கொஞ்ச நாள் கேட்காமல் இருங்கள்.

தாளில் எழுதும் தேர்வென்றால், ஒலிப்பதிவு முடிந்த பிறகு விடைகளைப் பெயர்த்தெழுதப் பத்து நிமிடம் தருவார்கள். கணினியில் என்றால் சரிபார்க்க இரண்டே நிமிடம். கேட்கும்போதே தட்டச்சு செய்தாக வேண்டும். எந்த முறையில் எழுதப்போகிறாரோ அதிலேயே பழகட்டும். கணினித் தேர்வில் இன்னொரு வசதி: ஒரு பகுதியில் மட்டும் மதிப்பெண் குறைந்தால், அந்த ஒன்றை மட்டும் 60 நாட்களுக்குள் மறுபடி எழுதச் சில நாடுகளில் அனுமதி உண்டு. அதை எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை; அவர் விண்ணப்பிக்கும் இடத்தில் கேட்டுவிட்டுப் பிறகு அதை நம்புங்கள்.

தேர்வுத் தேதியை இப்போதே பதிவு செய்ய வேண்டாம். இரண்டு வாரம் கழித்து அந்த நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புங்கள். எழுத்துப்பிழை குறைந்து, 'காதில் விழவில்லை' என்பது மட்டும் மிஞ்சியிருந்தால் இன்னும் ஒரு மாதம் கேட்கும் பயிற்சி வேண்டும். அதுவும் குறைந்திருந்தால் தேதி குறித்துவிடலாம்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்