"பெயின்" என்ற ஒரே சொல் போதுமா?

வணக்கம் அம்மா. பி.காம். முடிக்கப்போகும் உங்கள் மகளுக்கு ஆஸ்பத்திரி வரவேற்புப் பிரிவில் வேலை பார்க்க ஆசை. ஆனால் குட், பேட், வெரி நைஸ் தாண்டி இங்கிலீஷ் வரவில்லை என்று வருத்தப்பட்டீர்கள். அகராதி வாங்கித் தினம் 20 சொல் மனப்பாடம் செய்யச் சொல்லலாமா என்றும் கேட்டீர்கள். தயவுசெய்து வேண்டாம். அப்படிப் படித்த பிள்ளைகள் மறுமாதமே எல்லாவற்றையும் மறந்துவிட்டு வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

வலி என்றால் நமக்கு ஒரே வலியா? குத்துகிறது, எரிகிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது என்று பிரித்துத்தானே சொல்கிறோம்? இங்கிலீஷில் அவையே ஸ்டாபிங், பர்னிங், த்ராபிங். ரொனால்ட் மெல்சாக் என்ற உளவியலாளர் 1975-ல் வெளியிட்ட வலி வினாத்தாளில் இப்படி 78 சொற்கள் உண்டு. நோயாளி தேர்ந்தெடுக்கும் சொல்லே மருத்துவருக்கு ஒரு துப்பு. நம் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களிடம் தமிழ் செல்லாது. "பெயின்" என்று மட்டும் கேட்டுக்கொள்கிற பெண்ணைவிட, "பர்னிங்கா, த்ராபிங்கா?" என்று கேட்கிற பெண் அவர்களுக்கு எவ்வளவு ஆறுதல்!

அதனால் பெரிய சொல்லைத் தேட வேண்டாம், சரியாகப் பொருந்தும் சொல்லைத் தேடட்டும். வெரி டயர்ட், அதாவது ரொம்பக் களைப்பு என்பதற்கு எக்ஸாஸ்டட் என்ற ஒரே சொல் போதும். அதன் முன்னால் மறுபடியும் வெரி போடக் கூடாது. ஒரே பொருள் போலத் தெரிவதிலும் கவனம் தேவை. ஸ்லிம், ஸ்கின்னி இரண்டுமே ஒல்லிதான். ஆனால் ஸ்லிம் என்றால் பாராட்டு, ஸ்கின்னி என்றால் நோஞ்சான் என்பது போல எதிராளிக்குச் சுருக்கென்று படலாம்.

பயோடேட்டாவிலும் இதேதான். அப்பா கடையில் "ஹெல்ப்டு" என்று எழுதினால் என்ன செய்தாள் என்று யாருக்கும் தெரியாது. கணக்கு எழுதினாளா? "மெயின்டெயின்ட் அக்கவுண்ட்ஸ்" என்று எழுதட்டும்.

சரி, எப்படிப் பழகுவது? வாரம் ஐந்தே சொல். ஒரு சின்ன நோட்டில் சொல், அதற்கு வீட்டில் நாம் பேசும் தமிழ், அப்புறம் அவளே அமைத்த ஒரு வாக்கியம். குடியாத்தம் பஸ்ஸில் காலேஜ் போகும் நேரமே இதற்குப் போதும். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அந்த ஐந்தையும் உங்களுக்குத் தமிழில் விளக்கிச் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று தயங்க வேண்டாம் அம்மா. உங்களுக்குப் புரியும்படி அவள் சொல்லிவிட்டால், அந்தச் சொல் அவளுக்கு வந்துவிட்டது என்று நீங்களே டிக் போடலாம்.