பதில்: பாட்டியின் கண்டாங்கிச் சேலையில் கிறிஸ்துமஸ் பைகள்

பாட்டியின் கண்டாங்கியை, அதாவது கட்டம் போட்ட செட்டிநாட்டுப் பருத்திச் சேலையை வெட்டி, கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு கொடுக்கச் சொந்தக்காரர் ஆறு பேருக்குப் பை தைக்கிறீர்கள். முதல் பையைத் துவைத்ததும் வெள்ளை லைனிங்கில் சிவப்பு ஏறி, பை சுருங்கிக் கோணிப்போனது என்று எழுதியிருந்தீர்கள். சுருக்கத்துக்குச் சேலை காரணமில்லை. பாட்டி பல வருஷம் கட்டித் துவைத்த சேலை, சுருங்க வேண்டியதெல்லாம் அப்போதே சுருங்கியிருக்கும். புதிதாக வாங்கிய காட்டன் லைனிங்கை நனைக்காமல் தைத்திருப்பீர்கள், அதுதான் இழுத்துவிட்டது. ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, அப்புறம் வெட்டுங்கள்.

சாயத்துக்கு, ஈர வெள்ளைத் துணியால் சேலையை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். ஒட்டினால் நீர் தெளியும்வரை தனியாக அலசுங்கள். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள், எனக்கு ஒருநாளும் நின்றதில்லை. பேசாமல் அரக்கு அல்லது கறுப்பு லைனிங் போடுங்கள், கண்டாங்கிக் கட்டத்துக்கு அதுதான் எடுப்பு.

நடுவில் நைந்த பாகத்தைப் பைக்கு எடுக்க வேண்டாம், தேங்காய் கனம் தாங்காது. கரையைக் கைப்பிடியாக்குங்கள், அகலமாகவும் அழுத்தமாகவும் இருக்கும்.

ஆறு பேருக்கும் பையே எதற்கு? காரைக்குடியில்தான் இருக்கிறீர்கள், ஓலைக் கொட்டான் (பனையோலையில் பின்னிய கூடை) வாங்கி மிச்சத் துணியை உள்ளே சுருக்கம் வைத்துத் தைத்துப் பொருத்துங்கள். கேக்கை அதிலேயே வைத்துக் கொடுக்கலாம். அத்தைமார் கேக்கை மறந்துவிட்டுக் கொட்டானுக்குச் சண்டை போடுவார்கள்.