நாற்பது, ஐம்பதுகளில் வரும் டிமென்ஷியா: நரம்பியல் மருத்துவரின் பதில்கள்

கேள்வி: கணவருக்கு 52 வயது. நினைவாற்றல் நன்றாக இருக்கிறது. ஆனால் ஓராண்டாக வீட்டில் யார் அழுதாலும் அசையாமல் இருக்கிறார். இனிப்பை அள்ளித் தின்கிறார். முன்பின் தெரியாதவர்களைத் திட்டுகிறார். மனச்சோர்வு மாத்திரையால் பலனில்லை.

பதில்: டிமென்ஷியா என்பது மூளையின் திறன்கள் படிப்படியாகக் குறைவது. இம்மூன்றும் சேர்ந்து வந்தால் அதில் ஒரு வகையை, மூளையின் முன்மடல், பக்கமடல் சுருங்குவதைச் சந்தேகிக்க வேண்டும். இதில் தொடக்கத்தில் நினைவு பெரும்பாலும் தங்கும். முதலில் கெடுவது குணம். பலனில்லாத மனச்சோர்வு மாத்திரையின் அளவை மனநல மருத்துவர் கூட்டிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. எம்.ஆர்.ஐ. எடுங்கள். தொடக்கத்தில் அது இயல்பாக வந்தாலும் நோய் இல்லை என்று ஆகிவிடாது. நினைவை முதலில் தாக்கும் அல்சைமர் என்ற டிமென்ஷியாவுக்குத் தரும் டொனெபெசில் மாத்திரை இதற்கு உதவாது, சிலருக்குப் படபடப்பைக் கூட்டும். வங்கிக் கணக்கையும் வண்டிச் சாவியையும் இப்போதே உங்கள் பொறுப்பில் எடுங்கள். மருத்துவரிடம் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். தனக்கு ஒன்றுமில்லை என்றே சொல்வார், நம்பும்படியும் சொல்வார்.

கேள்வி: அம்மாவுக்கு 58. படிக்கும்போது வரி தவறுகிறது, படியில் தடுமாறுகிறார். கண்ணாடியை இருமுறை மாற்றியாயிற்று.

பதில்: கண் நலமாக இருந்தால் மூளையின் பின்பகுதியைப் பாருங்கள். அல்சைமர் சிலருக்கு அங்கேதான் தொடங்குகிறது. நரம்பியல் மருத்துவரிடம் அவருடன் யாராவது போங்கள்.

கேள்வி: வயது 34, சாவியை வைத்த இடம் மறக்கிறது. டிமென்ஷியாவா?

பதில்: பெரும்பாலும் இல்லை. வைட்டமின் பி12, தைராய்டு பரிசோதியுங்கள். தூக்கத்தைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: வயது 29, பெயர்கள் மறக்கின்றன...

பதில்: மேலே இருக்கிறது. படியுங்கள்.

கேள்வி: நான் மனநல மருத்துவர். முதல் பதிலில் பழியை எங்கள் மீது போடுகிறீர்கள். எங்களிடம் வரும் நூறு மனச்சோர்வில் டிமென்ஷியா எத்தனை?

பதில்: மிகச் சில. மனச்சோர்வுக்கு முதலில் மருந்து கொடுத்தது சரியே. பலனில்லாமல் மாதங்கள் போனபின்பும் அதே மருந்தின் அளவை மட்டும் கூட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். அல்சைமர் நோய்க்குப் பெயர் தந்த அலோயிஸ் அல்சைமரும் மனநல மருத்துவர்தான். 1901இல் ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் அவர் பார்த்த, அந்நோய்க்கு முதல் சான்றான அவுகுஸ்தே டேட்டர் என்ற பெண்ணுக்கு வயது 51. தொடக்கத்தில் தெரிந்தவற்றில் ஒன்று கணவர் மீதான சந்தேகம். எங்கள் துறையும் தவறுகிறது: எம்.ஆர்.ஐ. இயல்பு என்றதும் நாங்கள் உங்களிடம் திருப்பி அனுப்புகிறோம், நீங்கள் எங்களிடம். இடையில் குடும்பம் அலைகிறது.

கேள்வி (அதே மருத்துவர்): அப்படியானால் எப்போது அனுப்புவது?

பதில்: ஐம்பது வயதில், முன்பு மனநோயே இல்லாதவரின் குணம் மாறினால் முதல் நாளே. அனுப்பிய பின்னும் கைவிடாதீர்கள். சந்தேகம், கோபம், தூக்கமின்மை ஆகியவற்றை உங்கள் துறைதான் நன்றாகக் கையாளும்.

கேள்வி: அப்பாவுக்கு 48இல் அல்சைமர். எனக்கும் வருமா?

பதில்: தலைமுறைதோறும் இளவயதில் வந்திருந்தால் ஏபிபி, பிஎஸ்இஎன்1, பிஎஸ்இஎன்2 மரபணுக்களைச் சோதிக்கலாம். அப்பாவிடம் அவற்றில் ஒன்றில் பிறழ்வு இருந்தால் அது பிள்ளைக்கு வர வாய்ப்பு சரிபாதி. மரபணு ஆலோசகரிடம் பேசாமல் ரத்தம் கொடுக்காதீர்கள். முடிவு தெரிந்தபின் தெரியாததாக்க முடியாது.

கேள்வி: வல்லாரை?

பதில்: துவையலாகச் சாப்பிடுங்கள். பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.