சிமுலேஷன் முடிந்ததும் மாணவிகள் வாயே திறப்பதில்லை, என்ன செய்வது?

கேள்வி: நர்சிங் கல்லூரியில் மகப்பேறு பாடம் எடுக்கிறேன். பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கை, அதாவது பிபிஹெச்-ஐ, எப்படிச் சமாளிப்பது என்று இறுதியாண்டு மாணவிகளுக்கு மேனிகினை, அதாவது மனித உருவப் பயிற்சிப் பொம்மையை, வைத்து நிஜம்போலவே பத்து நிமிடக் காட்சி நடத்துகிறோம். முடிந்ததும் "எங்கே தப்பு பண்ணீங்க, சொல்லுங்க" என்று கேட்டால் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். கடைசியில் அரைமணி நேரம் நானேதான் பேசுகிறேன். போன முறை ஒரு மாணவி அழுதுவிட்டாள், இப்போது அடுத்த பேட்ச் வரவே தயங்குகிறது. கேமரா வாங்கி வீடியோ எடுத்துக் காட்டினால் சரியாகுமா என்று முதல்வர் கேட்கிறார்.

பதில்: மேடம், சிக்கல் உங்கள் முதல் கேள்வியிலேயே இருக்கிறது. முதலாண்டிலிருந்து வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, நின்று பழகிய பிள்ளைகள் அவர்கள். பதிலைத் தெரிந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பவர் முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்று அவர்களுக்கு அத்துப்படி, தலையைக் குனிந்து "சாரி மேடம்" சொன்னால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள். காட்சி முடிந்து உட்கார்ந்து அலசும் டிபிரீஃபிங்கில் உங்களுக்கே பதில் தெரியாத ஒன்றைக் கேட்க வேண்டும். ரத்தம் போய்க்கொண்டிருந்தபோது அந்த மாணவியின் மனதில் என்ன ஓடியது என்பது அவள் சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும், அதை வெளியே கொண்டுவரத்தான் மேனிகின், சாயத் தண்ணீர், அத்தனை ஏற்பாடும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சிமுலேஷன் பயிற்சியில் எது உண்மையில் பலன் தருகிறது என்று 30 ஆண்டுகளுக்கு மேலான கட்டுரைகளை அலசி 2005-ல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. அதில் முதலிடம் பிடித்தது, செய்து முடித்தவருக்குக் கிடைக்கும் பின்னூட்டம்தான். ஆனால் லட்சக்கணக்கில் மேனிகின் வாங்குகிற கல்லூரிகள்கூட டிபிரீஃபிங்குக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கிவிட்டு அடுத்த பேட்சை உள்ளே அழைக்கின்றன, பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. காட்சி பத்து நிமிடம் என்றால் பேச இருபது நிமிடமாவது வையுங்கள்.

சரி, என்ன கேட்பது? பாஸ்டனில் உள்ள மருத்துவ சிமுலேஷன் மையத்தைச் சேர்ந்த ஜென்னி ருடால்ஃபும் உடன் பணியாற்றியவர்களும் 2006-ல் எழுதிய முறை ஒன்று உண்டு. ஆசிரியர் தான் பார்த்ததை அப்படியே சொல்கிறார், அது தனக்கு ஏன் உறுத்தியது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறார், அப்புறம் நீ என்ன நினைத்தாய் என்று மாணவியிடம் கேட்கிறார், அவ்வளவுதான். உங்கள் காட்சிக்கு அது இப்படி வரும்:

"கர்ப்பப்பை இறுகலைன்னு நீ தொட்டுப் பார்த்துச் சொன்ன, மசாஜும் உடனே ஆரம்பிச்ச, நான் கவனிச்சேன். ஆனா அதுக்கப்புறம் நாலு நிமிஷம் யாரையும் கூப்பிடலை. அதுக்குள்ள நிறைய ரத்தம் போயிருக்குமேன்னு எனக்குக் கவலையா இருந்துச்சு. அந்த நேரத்துல உன் மனசுல என்னம்மா ஓடுச்சு?"

கேட்டுவிட்டு நீங்கள் பேசக் கூடாது. பத்து விநாடி அமைதி நமக்கு ஒரு யுகமாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள், யாராவது ஒருத்தி வாய் திறப்பாள். வரக்கூடிய பதில்களைப் பாருங்கள். "மசாஜ் பண்ணாலே நின்னுடும்னு நினைச்சேன் மேடம்" என்றால் அது பாடத்தில் உள்ள ஓட்டை. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்குச் சுமார் 500 முதல் 700 மில்லி ரத்தம் ஓடுகிறது, அது இறுகாவிட்டால் நான்கு நிமிடத்தில் என்ன ஆகும் என்று அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டலாம். "கையை எடுத்தா இன்னும் அதிகமாயிடுமோன்னு பயம், அதான் நகரலை" என்றால் அவளுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது, பக்கத்தில் நிற்பவளிடம் வேலையைப் பிரித்துக் கொடுக்கத்தான் வரவில்லை. அவளுக்குத் தேவை, கையை எடுக்காமலே "நீ டாக்டரைக் கூப்பிடு, நீ ஆக்சிடோசின் எடு" (கர்ப்பப்பையை இறுக வைக்கும் மருந்து) என்று ஆளைக் குறிப்பிட்டுச் சத்தமாகச் சொல்லும் பழக்கம். "டூட்டி டாக்டரை நாங்க நேரா கூப்பிடக் கூடாது, இன்சார்ஜ் சிஸ்டர்கிட்டதான் சொல்லணும்னு வார்டுல சொல்லியிருக்காங்க மேடம்" என்று வந்தால் அந்தப் பெண்ணைத் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. அதை லேபர் ரூம் பொறுப்பாளரிடமும் துறைத் தலைவரிடமும் நீங்களே எடுத்துப் போக வேண்டும், ஏனென்றால் நாளை நிஜத் தாய் ஒருத்திக்கு அங்கே தாமதம் ஆகும்.

மூன்று பேரும் செய்தது ஒரே தவறுதான், ஆனால் ஒவ்வொருத்திக்கும் வேண்டிய மருந்து வேறு. "உதவிக்கு ஆளைக் கூப்பிடணும்" என்று நீங்கள் அரைமணி நேரம் சொல்வது மூவருக்குமே போய்ச் சேராது, அது அவர்களுக்கு முன்பே தெரியும்.

எல்லாவற்றையும் இப்படிக் கேட்டுக்கொண்டிருக்கவும் வேண்டாம். ஆக்சிடோசின் 10 யூனிட் என்பதற்குப் பதில் வேறு அளவு சொன்னால், நேராகத் திருத்திவிட்டு நகருங்கள். அளவு மறந்துபோன பெண்ணிடம் "நீயே யோசி, நீயே யோசி" என்று இழுப்பது வைவாவை விடக் கொடுமை. ஒரு அமர்வுக்கு இரண்டு விஷயம், மிஞ்சிப்போனால் மூன்று.

இந்த அலசலுக்கு முன்னால் இரண்டு மூன்று நிமிடம், காட்சியிலிருந்து வெளியே வந்தவுடன், "எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். படபடப்பு அடங்காமல் எந்த அலசலும் தலையில் ஏறாது. அடுத்து, என்ன நடந்தது என்று யாராவது ஒருத்தி இரண்டே வரியில் சொல்லட்டும். ஒருத்தி கர்ப்பப்பை இறுகவில்லை என்று நினைத்திருப்பாள், இன்னொருத்தி நஞ்சுக்கொடி உள்ளே தங்கிவிட்டது என்று நினைத்து வேலை செய்திருப்பாள், இது வெளியே வராமல் மேலே போனால் எல்லோரும் வேறு வேறு நோயாளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள்.

பயம் போவது காட்சி தொடங்கும் முன்பே நடக்க வேண்டிய காரியம். மேனிகினைத் தொட்டுப் பார்க்க விடுங்கள், நாடி எங்கே கிடைக்கும், எது இந்தப் பொம்மையில் நிஜம்போல இருக்காது என்று சொல்லிவிடுங்கள். இன்டர்னல் மார்க்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். ஒரு முறை ஸ்டாஃப் ரூமில் "அந்தப் பொண்ணு சொதப்பிட்டா" என்று பேச்சு கசிந்தால் போதும், அந்த பேட்ச் உங்களிடம் உண்மை பேசாது. பேசும்போது மேசைக்கு அந்தப்பக்கம் உட்காராதீர்கள், வட்டமாக நாற்காலி போட்டு நீங்களும் அதில் ஒருவராக உட்காருங்கள்.

கேமரா விஷயம். வீடியோ போட்டுக் காட்டிய டிபிரீஃபிங்கையும் வெறும் பேச்சாக நடந்ததையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முதல்வரிடம் அந்தப் பணத்தை ஆசிரியர் பயிற்சிக்குக் கேளுங்கள். உங்களுக்கு வேண்டியது ஒரு பேனாவும் சுவர்க் கடிகாரமும்தான். காட்சியில் இல்லாத மாணவி ஒருத்தி, ரத்தப்போக்கைக் கவனித்த நேரம், ஆளைக் கூப்பிட்ட நேரம், ஆக்சிடோசின் போன நேரம், இவற்றை மட்டும் குறித்துக் கொடுக்கட்டும். அதைப் பலகையில் எழுதிப் போட்டால் 'நீ லேட் பண்ணின' என்று நீங்கள் சொல்லவே வேண்டியிருக்காது.

பேசி முடித்த கையோடு அதே காட்சியை இன்னொரு தடவை ஓட்டுங்கள், ஐந்து நிமிடம் போதும். தோற்ற இடத்திலேயே வீட்டுக்கு அனுப்புவதால்தான் அடுத்த பேட்சுக்குக் கதை அப்படிப் போய்ச் சேருகிறது.

அழுத மாணவியை இந்த வாரமே தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், வகுப்பு முன்னால் ஆறுதல் சொல்ல வேண்டாம். அன்றைக்கு அவள் சரியாகச் செய்த ஒரு காரியத்தை, நேரத்தோடு, குறிப்பிட்டுச் சொல்லுங்கள். இன்னொரு முறை செய்து பார்க்கிறாயா என்று கேளுங்கள், சரி என்றால் கூட நிற்க யார் வேண்டும் என்பதை அவளே தேர்ந்தெடுக்கட்டும்.