பார்த்தவர் சொல்லவில்லை

மதிப்பிற்குரிய ஐயா,

எனக்கு மண்டபம் பக்கம் ஒரு கடற்கரை ஊர். இளங்கலை இயற்பியல், கடைசி வருடம். எங்கள் கல்லூரிக்கு ஒரு வானியற்பியல் ஆராய்ச்சியாளர் வந்து வானில் திடீரெனப் பீறிடும் காமா கதிர் வெடிப்பு, நட்சத்திரம் வெடித்துச் சிதறும் சூப்பர்நோவா பற்றிப் பேசினார். அன்றிலிருந்து வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை. அம்மா பாசி எடுக்கப் போகிறார். வீட்டில் வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார்கள். எங்கோ நட்சத்திரம் வெடிப்பதை ஆராய்ந்து நம் கரைக்கு என்ன கிடைக்கும் என்கிறான் அண்ணன். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்படி ஒரு வெடிப்பு பூமியை நோக்கி வந்தால் என்ன ஆகும்? தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவகிரகம் வைத்த முன்னோருக்கு இதெல்லாம் அப்போதே தெரியும் என்கிறார்களே, உண்மையா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள மகளுக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்பவை ஒன்பது கல். கும்பிடுங்கள், நானும் கும்பிட்டிருக்கிறேன். அதற்குள் காமா கதிரைத் தேடாதீர்கள். பூமியை நோக்கி வந்தால்? வந்ததே. 2022 அக்டோபர் 9 அன்று வந்து சேர்ந்த வெடிப்பின் ஒளி ஏறத்தாழ 190 கோடி ஆண்டு பயணம் செய்தது. அத்தனை தூரத்திலிருந்து வந்தும் நம் வளிமண்டலத்தின் மேலடுக்கைக் கொஞ்சம் கலக்கிவிட்டுப் போனது. பாம்பனில் அதனால் யாருக்கும் வலை அறுந்ததாகத் தெரியவில்லை.

இனி என் ஆத்திரத்துக்கு வருகிறேன். ஓர் ஆராய்ச்சியாளர் வந்து பேசினார் என்கிறீர்கள். என்றைக்கு? எந்த வெடிப்பைப் பற்றி? என்ன கருவியில் பார்த்தாராம்? வாழ்க்கையையே திருப்பிப் போட்ட பேச்சு என்று எழுதுகிற பெண்ணின் கடிதத்தில் ஒரு தேதி கிடையாது. உங்களை மட்டும் சொல்லவில்லை, நம் ஆட்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி இது. மாசி மாதம் வந்தாலே எனக்கு இந்த நினைப்பு வந்துவிடும். உங்கள் கடிதமும் சரியாக மாசியில் வந்து மாட்டிக்கொண்டது.

இந்தத் துறை எப்படித் தொடங்கியது என்று உங்களுக்குச் சொன்னார்களா? வானத்தை ஆராயத் தொடங்கியதல்ல. 1963 ஒப்பந்தத்தை மீறி யாராவது விண்வெளியில் அணுகுண்டு வெடிக்கிறார்களா என்று உளவு பார்க்க அமெரிக்கா வேலா என்ற செயற்கைக்கோள்களை ஏவியது. 1967 ஜூலை 2 அன்று அவற்றில் காமா கதிர் துள்ளியது. ஆனால் அணுகுண்டின் சாயல் அதில் இல்லை. குண்டு இல்லை என்றால் நமக்கென்ன என்று கிழித்துப் போட்டிருக்கலாம். அவர்கள் கோப்பில் போட்டு வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து எடுத்துப் பார்த்தார்கள். 1973-இல் 16 வெடிப்புகளை வைத்து ஒரு கட்டுரை வந்தது. இரண்டு வினாடிக்கு மேல் நீடிக்கிற வெடிப்புகளில் பெரும்பாலானவை, ராட்சத நட்சத்திரத்தின் மையம் இடிந்து உள்ளே விழும்போது பீறிடும் கதிர்த் தாரை என்பது நிலைபெற இன்னும் முப்பது வருடம் ஆனது. 1998 ஏப்ரல் 25-இல் ஒரு வெடிப்பு வந்த திசையிலேயே சூப்பர்நோவா ஒன்று தெரிந்தது. 2003 மார்ச் 29-இல் வந்த வெடிப்பு மிச்சமிருந்த சந்தேகத்தைத் தீர்த்தது. கவனியுங்கள், எல்லாமே தேதிதான். அந்தத் துறையில் வெடிப்புக்குப் பெயரே தேதிதான்: 980425, 030329. பிள்ளைக்குப் பிறந்த நாளையே பெயராக வைத்த மாதிரி.

சரி, என் கதை. 1987 பிப்ரவரி 23 அன்று நம் பால்வீதிக்குப் பக்கத்து விண்மீன் கூட்டமான பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு சூப்பர்நோவாவின் ஒளி பூமிக்கு வந்து சேர்ந்தது. கிளம்பி 1,60,000 வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. சிலியில் லாஸ் காம்பானாஸ் ஆய்வகத்தில் இரவுப் பணியில் இருந்த ஆஸ்கர் துஹால்டே வேலைக்கு நடுவே வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். வழக்கமில்லாத இடத்தில் ஒரு நட்சத்திரம். உள்ளே போனார், வேலையில் மூழ்கினார், யாரிடமும் சொல்லவில்லை. பிறகு இன்னொரு தொலைநோக்கியில் படமெடுத்த இயன் ஷெல்டன் ஓடிவந்து செய்தி சொன்னபோதுதான், நானும் பார்த்தேனே என்றார். கண்டுபிடிப்பில் அவர் பெயரும் சேர்ந்தது. அவர் கொடுத்து வைத்தவர். ஜப்பானில் காமியோகா சுரங்கத்துக்குள் இருந்த கருவியில், அதே வெடிப்பிலிருந்து வந்த நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் 11 அதற்கு முன்பே பதிவாகி நாடாவில் கிடந்தன. செய்தி வந்த பிறகுதான் தேடி எடுத்தார்கள்.

அதே பிப்ரவரி 26, சிவராத்திரி. நான் தனுஷ்கோடியில் தாய்மாமன் குடிசையில் இருந்தேன். கரைவலைக்காரர். கோயில் கூட்டத்துக்குப் போகாமல் ஆண் கடல் பக்கம், அதாவது தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம், மணலில் பாய் விரித்து, அரிக்கேன் வைத்து, சீட்டாடிக் கண் விழித்தோம். நிலா இல்லாத இரவு. எட்டு மணி வாக்கில் அகத்திய மீன் என்கிற பிரகாசமான தெற்கு நட்சத்திரத்துக்குக் கீழே, கொஞ்சம் மேற்கே தள்ளி, கடலுக்கு மேல் ஒரு முஷ்டி உயரத்தில் அந்த ஒளி இருந்திருக்க வேண்டும். தெற்கே முகம் வைத்து உட்கார்ந்திருந்தவன் நான். என் கையிலிருந்த சீட்டைத் தவிர வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

மாமா ஒருதரம் எழுந்து தண்ணிப் பக்கம் போய்விட்டு வந்து, "தெக்கால என்னமோ தெரியுதுடா மாப்ளே" என்றார். இலங்கையில் சண்டை நடந்த காலம், கடலில் விளக்குத் தெரிந்தாலே வயிற்றைக் கலக்கும். "ஏதாவது போட்டு வெளிச்சமா இருக்கும், சீட்டைப் போடுங்க" என்றேன். பெரும்பாலும் அது போட்டு வெளிச்சமேதான். அந்த நாளில் சூப்பர்நோவா மங்கல். அவ்வளவு தாழ்வில் இன்னும் மங்கும். ஆனால் எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில் என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படி ஒரு ஒளி வந்த செய்தியே பதினோரு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். அதற்குள் மாமா போய்ச் சேர்ந்துவிட்டார். இன்றைக்கு அதை ஆமென்று சொல்லவும் முடியாது, இல்லையென்று சொல்லவும் முடியாது.

தாயி, உங்கள் அம்மா அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி எந்தெந்த நாள் தண்ணீர் வத்தும் என்று பார்த்துத்தான் பாசிக்குக் கிளம்புவார். எந்தத் தீவில் எந்த மாதம் பாசி குறைந்தது என்பது அவர் தலைக்குள் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் அவருக்குக் கிடைத்தது ஒரே வரி. அதுவும் ஏழ்மையைக் காட்ட. அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களா? அண்ணனுக்குப் பதில் தேடுவதற்கு முன் அதைச் செய்யுங்கள்.

வங்கித் தேர்வா ஆராய்ச்சியா என்பதைச் சொல்லாமல் விட்டேனோ? இரண்டுக்கும் விண்ணப்பம் போடுங்கள். வருகிற அமாவாசை இரவு வானம் தெளிவாக இருந்தால், அம்மாவையும் அழைத்துக்கொண்டு தெற்குக் கரைக்குப் போங்கள். இருட்டியதும் அகத்திய மீனுக்குக் கீழே பாருங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் ஒன்றும் தெரியவில்லை என்று தேதி, மணி போட்டு எனக்கு எழுதுங்கள்.