மார்கழி மழையில் காயாத குடுவைகள்

முல்லைத்தீவு மாவட்டத்துப் பாடசாலை ஒன்றில் இரசாயனவியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: “உயர்தர வகுப்புகள் இரண்டுக்கு அடுத்தடுத்த பாடவேளைகளில் பரிசோதனை. கண்ணாடிப் பொருட்களோ ஒரு தொகுதிதான். இந்த மழையில் கழுவி வைத்தவை காய்வதே இல்லை. வீட்டிலுள்ள ஹெயர் ட்ரையரையோ மைக்ரோவேவையோ கொண்டுவரலாமா?”

ஹெயர் ட்ரையரைக் கொண்டுவாருங்கள், ரீச்சர். மைக்ரோவேவ் வீட்டிலேயே இருக்கட்டும். அது கண்ணாடியைச் சூடாக்குவதில்லை, அதில் ஒட்டியிருக்கும் நீரைத்தான் சூடாக்கும். நீர் போனபின் வெறுமையாக ஓடினால் பெட்டிக்கே கேடு. ஈயம், குரோமேற்று ஆகிய நஞ்சுகள் பட்ட குழாயை வைத்த பெட்டியில் பிறகு பிள்ளைகளுக்குச் சோறு சூடாக்கவும் கூடாது.

ஆனால் பாதிப் பொருட்களைக் காய வைக்கவே தேவையில்லை. நியமிப்பில் (titration) அளவியையும் (burette) குழாயியையும் (pipette) அவற்றில் எடுக்கப்போகும் கரைசலாலேயே இரண்டு தடவை அலசினால் போதும். கூம்புக் குடுவையில் காய்ச்சி வடித்த நீரின் ஈரம் இருந்தால் பிழையில்லை. குழாயி அளந்துவிட்ட கரைபொருளின் மூல் அளவு அதனால் மாறாது. அந்தக் குடுவையைக் கரைசலால் அலசுவதுதான் பிழை. மாணவர் பலர் இரண்டையும் மாற்றிச் செய்கிறார்கள்.

கட்டாயம் காய வேண்டியவை எடை பார்க்கும் முகவையும், திண்ம உப்பைச் சூடாக்கும் சோதனைக் குழாயும். நீல நிறச் செப்பு சல்பேற்றைச் சூடாக்கி, குழாயின் வாயருகே நீர்த்துளி படிவதைக் காட்டும்போது, துளி உப்பிலிருந்து வந்ததா, கழுவிய நீரா என்ற சந்தேகம் வரக்கூடாது. ஈரக் குழாய் சுவாலையில் வெடிக்கவும் கூடும்.

கண்ணாடியைக் காய வைப்பதில் சூட்டைவிடக் காற்று மாறுவதே முக்கியம். ஆடியில் சோளகம் வீசும்போது தாங்கியில் கவிழ்த்த குழாய் தானாகவே காய்ந்துவிடும். கிரவல் வீதிப் புழுதி படியாமல் மெல்லிய துணி போர்த்தினால் சரி. வாடை வீசும் மாதங்களில் காற்றே ஈரம். ஒடுங்கிய வாயுள்ள குடுவைக்கு வெளியிலிருந்து எவ்வளவு ஊதினாலும் அடியிலுள்ள ஈரக்காற்று அங்கேயே சுழலும். ஹெயர் ட்ரையரின் வாயைக் குடுவையில் பொருத்தி அடைக்கவும் வேண்டாம். காற்றுத் தடைப்பட்டால் அது சூடேறிக் கெட்டுவிடும். மீன் தொட்டிக்குக் காற்று அடிக்கும் சிறிய மோட்டாரின் குழாயை அடிவரை விடுங்கள். ஹெயர் ட்ரையரால் குடுவையின் வெளிப்புறத்தை மிதமான சூட்டில், ஒரே இடத்தில் நிறுத்தாமல், சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். உட்சுவரில் படர்ந்த பனிப்படலம் மெல்லப் பின்வாங்குவது கண்ணுக்கே தெரியும். மின்கருவிகள் என்பதால், கைகளையும் மேசையையும் முதலில் ஈரமின்றித் துடைத்துவிடுங்கள்.

அளவி, குழாயி, கனமானக் குடுவை (volumetric flask) ஆகியவற்றுக்குச் சூடு காட்ட வேண்டாம். அவற்றின் கோடுகள் குறித்த வெப்பநிலையில் அளந்து இடப்பட்டவை.

சிலர் அசற்றோன் ஊற்றி அலசுவார்கள். விரைவாகக் காயும், உண்மைதான். 56 பாகை செல்சியசிலேயே கொதிக்கும் திரவம் அது. அதன் ஆவி அறை வெப்பநிலையிலேயே பற்றிக்கொள்ளும். ஹெயர் ட்ரையரின் உள்ளே கம்பி சிவந்திருக்கிறது. அசற்றோன் பட்ட பொருளுக்கு மீன் தொட்டி மோட்டாரின் குளிர்காற்று மட்டும்தான், அதுவும் யன்னலைத் திறந்துவைத்து, பன்சன் சுடரடுப்பை அணைத்த பிறகு.

கடைசி அலசலுக்குக் கிணற்று நீர் வேண்டாம். நம் கிணறுகள் பலவற்றில் காய்ந்ததும் வெள்ளைத் தடம் விழும். அது அழகுக் குறை மட்டுமன்று. கிணற்று நீரால் அலசிய குழாயில் வெள்ளி நைத்திரேற்று இரண்டு துளி விட்டுப் பாருங்கள்: எந்த உப்பும் போடாமலே பால்போல் கலங்கும். நீரிலுள்ள குளோரைட்டு செய்யும் வேலை அது. காய்ச்சி வடித்த நீர் போதாவிட்டால், சாதாரண கழுவலுக்கு ஊர் ஆர்.ஓ. குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்து நீரை எடுங்கள். குளோரைட்டுச் சோதனைக்குரிய குழாய்களுக்கு மட்டும் காய்ச்சி வடித்ததை மிச்சம் வையுங்கள்.

காய்ந்த முகவையை உடனே தராசில் ஏற்றாதீர்கள். சூட்டில் மேலெழும் காற்று எடையைக் குறைத்துக் காட்டும். கையால் தொட்டுப் பார்த்து, மேசையின் குளிர்ச்சிக்கு வந்த பிறகு வையுங்கள்.