நீர்க்கட்டி: சோற்றை விட்டும் எடை ஏன் நிற்கவில்லை?

கேள்வி: வயது 27, உயரம் 155 செ.மீ., எடை 74 கிலோ. பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) என்று டாக்டர் சொன்னார். மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான். சோற்றை அறவே நிறுத்தி மீனும் காயும் சாப்பிட்டேன், சீனிக்குப் பதில் கருப்பட்டி. 3 கிலோ குறைந்து திரும்ப ஏறிவிட்டது. என்ன செய்வது?
– வாசகி, மண்டபம்

பதில்: சோற்றை அடியோடு விட்டால் முதலில் இறங்குவதில் பெரும்பங்கு உடம்பிலிருக்கும் நீர்தான். மறுபடி சோறு தொட்டதும் அது ஏறிக்கொள்ளும். ஆகவே நிறுத்த வேண்டாம், அளந்து போடுங்கள். மதியம் வடித்த சோறு ஒரு கப், ஏறக்குறைய 150 கிராம். தட்டில் பாதி முருங்கைக்கீரை, சுரைக்காய், வெண்டைக்காய் என்று இருக்கட்டும். மீன் 100 கிராம். சாளை, நெத்திலி தாராளமாகச் சேர்க்கலாம்.

சிக்கல் பொரிப்பதில் இருக்கிறது. இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் 240 கலோரி. அந்த ஒரு கப் சோறே 200தான்! மீனில் ஈரம் இருந்தாலோ கல் காயாமல் போட்டாலோ ஒட்டும், உடனே கை எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போகும். துடைத்து, மசாலா தடவி 20 நிமிடம் வைத்து, நன்றாகக் காய்ந்த இரும்புக்கல்லில் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் போடுங்கள். அடிப்பக்கம் வெந்தால் தானாக விடும், அதுவரை கரண்டி போடாதீர்கள். கருப்பட்டியும் சர்க்கரைதான், காபியில் பாதியாக்குங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு போகாததால் மீன் விலை ஏறும், வீட்டில் கருவாடு கூடும். அதன் உப்பு நீரைத் தேக்கி எடைக்கருவியில் ஏற்றம் காட்டும். வெந்நீரில் இருமுறை அலசி, வாரம் ஒருநாள் போதும். மற்ற நாட்களில் இரண்டு முட்டையோ ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலோ வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் இலக்கு 74-இல் 5 சதவீதம், அதாவது 3.7 கிலோ. இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது அது ரத்தத்தில் கூடி, சினைப்பையை ஆண் ஹார்மோன் அதிகம் சுரக்கத் தூண்டுகிறது. எடையில் இந்தச் சிறு குறைவே பலருக்கு மாதவிலக்கைச் சீராக்கும். வாரம் 250 நிமிடம் வேகநடை. வாரத்தில் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, பத்துப் பத்தாக மூன்று சுற்று.

90 நாளைத் தாண்டியும் மாதவிலக்கு வரவில்லையென்றால் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட்டு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். கருப்பையின் உள்சுவர் தடித்துவிடக் கூடும், உணவால் மட்டும் அது தீராது. தைராய்டு, சர்க்கரை, கொழுப்பும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எனக்கும் பிசிஓஎஸ்தான். நோன்பு மாதத்தில் எடை குறையாமல் கூடுகிறதே, ஏன்?
– வாசகி, கீழக்கரை

பதில்: நோன்புக் கஞ்சியைக் குறைசொல்ல மாட்டேன். கூட வரும் வடை, சமோசா, சர்பத்தைப் பாருங்கள். பேரீச்சம்பழம் இரண்டு, தண்ணீர், ஒரு கிண்ணம் கஞ்சியோடு நோன்பு திறந்துவிட்டு, தொழுகை முடிந்து மீன் குழம்பும் காயும் சாப்பிடுங்கள். சஹரில் (விடியலுக்கு முந்தைய சாப்பாட்டில்) முட்டை கட்டாயம். மெட்ஃபார்மின் (இன்சுலினைச் சரியாக வேலை செய்ய வைக்கும் மாத்திரை) சாப்பிடுபவர் என்றால் மாத்திரை நேரத்தை நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் மாற்றி எழுதி வாங்குங்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், வயிறு கலக்கும்.